பொத்தேரி மேம்பாலத்தில் உங்களுக்கு முன்னால் நின்றுவிட்டவரைப் பற்றி

பொத்தேரி ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஏறும் மாணவ மாணவியருக்கு,

தாம்பரம் பக்கமிருந்தும் செங்கல்பட்டு பக்கமிருந்தும் மின்சார ரயில் வந்து நிற்கிறது, பெட்டி பெட்டியாக நீங்கள் இறங்குகிறீர்கள். இறங்கின வேகத்திலேயே நடைமேம்பாலம் ஏறிக் கல்லூரிப் பக்கம் போய்விடுகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரியவர்களும் அதே படியில்தான் ஏறுகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் படி முழுக்கத் தடுமாறாமல் ஏறிவிட்டு, மேலே சமதளம் வந்ததும் அப்படியே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வருகிற கூட்டம் முட்டிக்கொள்ளும். "படியெல்லாம் நல்லா ஏறினாரே, இங்க வந்து ஏன் நிக்கிறாரு?" என்று ஒரு குரல் கேட்கும். அப்படி நின்றவர்களில் என் கணவரும் உண்டு. அவருக்குப் பார்க்கின்சன் நோய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நரம்பியல் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும், வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்களில் பலர் மருத்துவமும் பிசியோதெரபியும் பொறியியலும் படிக்கிறவர்கள். என்னைவிட நுணுக்கமாக இது உங்களுக்குப் புரியும்.

பார்க்கின்சன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கை நடுக்கம். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817இல் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக ஒரு சிறு நூல் எழுதியபோது அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் போகும்போதுதான் கவனித்திருக்கிறார். நடுக்கம், முன்னால் குனிந்த உடம்பு, நடக்க ஆரம்பித்தால் ஓட்டமாக மாறிவிடுகிற நடை என்று அவர் எழுதியதெல்லாம் இன்றைக்கும் பொருந்துகிறது. புலன்களுக்கும் அறிவுக்கும் ஒன்றும் ஆவதில்லை என்று எழுதினாரே, அதைப் பின்னால் வந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது. அறிவு மங்குகிறது என்று நான் சொல்லவரவில்லை. கவனம் செலவாகிற விதமும், புதியதைக் கற்றுக்கொள்கிற விதமும் மாறிவிடுகின்றன. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் வருகிற மனத்தாங்கல் எல்லாம் இது தெரியாததால்தான் வருகிறது.

என் கணவர் ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரிக்கிறவராக இருந்தார். கட்டுக் கட்டாகக் கடிதம் வரும். விலாசத்தில் ஊர்ப்பெயரைப் பார்ப்பது, கை நீள்வது, சரியான அறையில் கடிதம் விழுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். அடுத்த நாற்காலிக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டேதான் பிரிப்பார். வாய் ஒரு வேலை, கை ஒரு வேலை, இரண்டும் குறுக்கே வராது. நாம் எல்லோருமே நடப்பதும், சட்டைப் பொத்தான் போடுவதும், கையெழுத்துப் போடுவதும் இப்படித்தான். பல்லாயிரம் முறை செய்து பழகிய வேலையை மனம் தலையிடாமலே நடத்திக்கொடுக்கிற பொறுப்பு மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புத் தொகுதிகளுக்கு. அதற்கு அவற்றுக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதை அனுப்புகிற செல்கள் நடுமூளையில் கருநிறமாகத் தெரிகிற ஒரு சின்ன இடத்தில் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. உடம்பில் அறிகுறி தெரிவதற்குள் அவற்றில் கணிசமான பங்கு போயிருக்கும். அதிலும் பழக்கத்தை நடத்துகிற பகுதிக்குப் போகும் வரத்துதான் முதலில் வற்றுகிறது.

அதனால் நேர்வது என்னவென்றால், தானாக நடந்த கால் தானாக நடப்பதை நிறுத்திவிடுகிறது. நடப்பதற்கு வேறு வழி ஒன்று மிச்சமிருக்கிறது: யோசித்து நடப்பது. எல் போர்டு மாட்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் கிளட்ச், கியர், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்கிறாரே, அந்த மாதிரி ஒவ்வோர் அடியையும் நினைத்து வைக்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்று, அடியை நீட்டி வை, கையை வீசு. என் கணவர் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நடக்கும்போது அவர் மனசுக்குள் இதுதான் ஓடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் "தாத்தா, டைம் என்ன?" என்று கேட்டால், பதில் சொல்லத் திரும்புகிற கவனத்தைக் காலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அடி சிறுத்துவிடும், சில சமயம் நின்றே போகும். பேசிக்கொண்டே நடக்கச் சொன்னால் பார்க்கின்சன் உள்ளவர்களின் வேகமும் அடியின் நீளமும் குறைவதைப் பல ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. கையில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து நடக்கச் சொன்னாலும் இதே கதைதான். வீட்டில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அவர் எழுந்து நடந்து வந்து உட்காரும்வரை பேச மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். உட்கார்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

நின்றுபோவது என்கிறேனே, அது வலியோ பலவீனமோ இல்லை. "கால் தரையில ஒட்டிக்கிச்சு" என்று நோயாளிகளே சொல்வார்கள். உடம்பின் மேல்பாதி முன்னால் போகப் பார்க்கும், பாதம் வராது. விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் பல சமயம் அந்தக் கணத்தில்தான். எங்கெல்லாம் இப்படி ஆகும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வாசற்படி, குறுகலான இடம், திரும்புகிற இடம், கூட்டம், அவசரம். இவை அனைத்தும் ஒரே இடத்தில் கூடிவருவது மின்சார ரயிலின் கதவில்தான். வண்டி சில விநாடிதான் நிற்கும். உள்ளிருந்து இறங்குகிறவர்களும் வெளியிலிருந்து ஏறுகிறவர்களும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இடைவெளி வேறு. பார்க்கின்சன் உள்ளவர் அங்கே உறைந்து நின்றால் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். கையைப் பிடித்து முன்னால் இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. பக்கத்தில் நின்று மெதுவாக "அவசரமில்லை, இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு ஒருமுறை சாயுங்க, இப்ப பெரிய அடியா ஒண்ணு" என்று சொன்னால் பெரும்பாலும் போதும். அல்லது உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, இதைத் தாண்டி வாங்க என்று சொல்லுங்கள். எத்தனையோ முறை என் கணவர் அந்த ஒரு பாதத்தைத் தாண்டிவிட்டுச் சரளமாக நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

படியில் ஏன் நிற்கவில்லை, சமதளத்தில் ஏன் நின்றார் என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. ஒவ்வொரு படியும் கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு. கால் எங்கே போக வேண்டும் என்பதை அது வெளியிலிருந்து சொல்லிவிடுகிறது. உள்ளே இருந்து வரவேண்டிய கட்டளை வராதபோது வெளியிலிருந்து வருகிற குறிப்பு அந்த வேலையைச் செய்கிறது. படிகள் தீர்ந்து வெறும் சிமென்ட் தளம் வந்ததும் அந்தக் குறிப்பு அறுந்துபோகிறது. தரையில் அடிக்கு ஒரு கோடு குறுக்காகப் போட்டால் நடை சீராவதை மருத்துவர்கள் 1960களிலேயே எழுதியிருக்கிறார்கள். பிளாட்பார ஓரத்து மஞ்சள் கோடு இதற்கு உதவாது, அது நடக்கும் திசையிலேயே ஓடுகிறது. கோடு குறுக்கே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து குளியலறை வாசல்வரை பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன்.

கண்ணுக்குக் கோடு போல் காதுக்குத் தாளம். சீராக எண்ணுவது, கைதட்டுவது, மெட்ரோனோம் ஒலி எல்லாமே அடியைக் கூட்டி விடுகின்றன. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்று நடன வகுப்பு தொடங்கியது. நம் நாட்டில் புனேயில் ரிஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் அதுபோல வகுப்பு நடத்துகிறார். என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. நெதர்லாந்தில் பாஸ்டியன் ப்ளூம் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் சகாவும் 2010இல் 58 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சில அடிகூட எடுத்து வைக்க முடியாமல் உறைந்து விழுகிற அவர், சைக்கிளில் ஏற்றி விட்டால் சமநிலை தவறாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மிதிக்கட்டை சுற்றுகிற சுற்றே அவர் காலுக்குத் தாளமாகியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். காலில் வலு இருக்கிறது, மனசில் விருப்பம் இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற இடத்தில்தான் அடைப்பு. இதைப் படித்த பிறகு "கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்" என்று என் கணவரிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அவர் நம்மைவிட அதிக முயற்சியோடுதான் நடந்துகொண்டிருக்கிறார்.

கற்றலுக்கு வருகிறேன். ஆசிரியை என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் நிற்பேன். 1996இல் அமெரிக்காவில் நோல்டன், மேங்கல்ஸ், ஸ்குவையர் என்ற மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். வடிவங்கள் வரைந்த சீட்டுகளைக் காட்டி, இன்றைக்கு மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். எந்தச் சீட்டும் நிச்சயமான விடை தராது. சொல்லிச் சொல்லி, சரி தப்பு பார்த்துப் பார்த்துத்தான் ஓர் உள்ளுணர்வு படியும். நினைவாற்றல் இழந்தவர்கள் சோதனையையே மறந்துபோனார்கள், ஆனால் ஊகத்தில் தேறிக்கொண்டு வந்தார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எதிர்மாறு. என்ன செய்தோம் என்பதெல்லாம் துல்லியமாக நினைவிருந்தது, ஊகம் மட்டும் தேறவில்லை. அதாவது பட்டுப்பட்டுத் தானாகப் படிகிற பழக்கம் அவர்களுக்கு எளிதில் படிவதில்லை. விளக்கிச் சொன்னதைப் புரிந்துகொள்கிற அறிவும் அதை நினைவில் வைக்கிற திறனும் பெருமளவு அப்படியே இருக்கின்றன.

2004இல் மைக்கேல் ஃப்ராங்க் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வு இதைவிட நுணுக்கமானது. மருந்து உடம்பில் இல்லாத நேரத்தில் பார்க்கின்சன் உள்ளவர்கள் தவறிலிருந்து நன்றாகக் கற்றார்கள், சரியான விடையிலிருந்து அவ்வளவாகக் கற்கவில்லை. மருந்து வேலை செய்கிற நேரத்தில் அது தலைகீழானது. டோபமின் அசைவுக்கு மட்டுமானதல்ல. "இது நன்றாக வந்தது, இதையே இன்னொருமுறை செய்" என்று மூளைக்குச் சொல்கிற செய்தியும் அதுதான். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்து வேலை செய்கிற நேரம் பார்த்துப் பயிற்சி கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே அசைவு. வாயால் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், சரியாக வந்ததை அந்தக் கணமே "சரி" என்று சொல்லுங்கள். தினமும் கொஞ்சமாக, பலமுறை. வேகம் குறைவுதான், ஆனால் கற்கிறார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி மாணவர் ஒருவர் என் கணவருக்கு நான்கு பயிற்சிகளைக் கடகடவென்று சொல்லிவிட்டு, எதுவும் வராததைப் பார்த்து "பெரியவருக்கு ஞாபகம் இல்லை" என்று என்னிடம் சொன்னார். அன்று மாலை என் கணவர் அந்த நான்கையும் வரிசை மாறாமல் வாயால் எனக்குச் சொன்னார்.

இந்தக் கவனக் குறுகல் நடையோடு முடிவதில்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது சிரமம். நாலு பேர் பேசுகிற இடத்தில் பார்க்கின்சன் உள்ளவர் பதிலை உருவாக்கி வாய் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். முகத்துத் தசைகள் இறுகிப்போவதால் சிரிப்பு வெளியே வராது. கோபமாக இருக்கிறார், நம்மைக் கவனிக்கவில்லை என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். குரலும் தணிந்துவிடும். கையெழுத்து எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு வங்கிக் கிளையில் என் கணவரின் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். அவசரப்படுத்த அவசரப்படுத்த அது இன்னும் சிறுத்தது. எதிர்காலத்தில் உங்களில் பலர் இப்படிப்பட்ட கவுன்டர்களுக்குப் பின்னால் உட்காரப் போகிறீர்கள். கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டி, ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாலே கையெழுத்து பெரிதாகிவிடும்.

மருந்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். இன்றைக்கும் முதன்மையான மருந்து லெவோடோப்பா. அதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்விதழில் எழுதினார்கள். அது எந்த நோய்க்கு ஆகும் என்று உலகில் யாருக்கும் தெரியாத காலம். பிறகு 1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்த ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களை இதே டோப்பாவால் எழுப்பிக் காட்டினார். 1960இல் வியன்னாவில் ஹார்னிகிவிச், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருப்பதைக் கண்டார். 1967இல் நியூயார்க்கில் கோட்ஸியஸ், வாய்வழியாகப் போதிய அளவு கொடுத்துப் படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு செடிகளும் நம் வைத்திய மரபில் வழங்குபவை. அதற்காகப் பூனைக்காலிப் பொடியை நாமே வாங்கிச் சாப்பிடலாம் என்று பொருளில்லை. அதில் எவ்வளவு டோப்பா இருக்கும் என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறிவிடும்.

மாத்திரை போட்டால் சில மணி நேரம் உடம்பு இளகும், பிறகு இறுகும். எங்களைப் போன்ற வீடுகளில் "ஆன்", "ஆஃப்" என்றே சொல்வோம். காலையில் விறுவிறுவென்று நடந்தவர் மதியம் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போவது நடிப்பு இல்லை. பருப்பும் முட்டையும் கறியும் லெவோடோப்பா உட்கிரகிக்கப்படும்போது அதோடு போட்டி போடும், அதனால் சாப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது தாத்தா பாட்டிக்கு இதை ஞாபகப்படுத்தலாம். டோபமினைப் போலவே செயல்படும் பிரமிபெக்சால், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டத்திலும் கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவதிலும் அடக்க முடியாத உந்துதலைத் தருகின்றன. தாத்தா திடீரென்று போனில் ரம்மி ஆடிப் பணத்தை இழக்கிறார் என்றால் திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். நடுக்கத்துக்குத் தருகிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களின் நினைவைக் குழப்பக்கூடியது. எந்த மாத்திரையையும் நாமாகச் சட்டென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

அறுவை சிகிச்சையும் சென்னைக்குப் புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் மூளையின் ஆழத்தில் துல்லியமாகச் செய்த அறுவைகள் உலக அளவில் கவனிக்கப்பட்டவை. இன்று மூளைக்குள் மின்முனை பொருத்துகிற சிகிச்சை சென்னையிலேயே கிடைக்கிறது. லட்சங்களில் செலவாகும். அசைவுக்கு அது நிறையச் செய்யும், கவனத்துக்கும் கற்றலுக்கும் அவ்வளவு செய்வதில்லை. அங்கே மனிதர்கள்தான் உதவ வேண்டும்.

2019இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு இருந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 ஆண்டுகளில் இது இரட்டிப்பாகியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பார்க்கின்சனைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிற ஏற்பாடு இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குகிறவர் குறைவு. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் தெருக்களில் இப்படி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிற நீங்கள் அந்த அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். பொறியியல் பிள்ளைகள் மேம்பாலத்தின் சமதளத்தில் குறுக்குக் கோடுகள் போட ரயில்வேயிடம் முறையாக அனுமதி கேட்கலாம். நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைப் பிசியோதெரபி பிள்ளைகள் அளந்து சொல்வார்கள். பெயின்ட் செலவை எங்களைப் போன்றவர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுக்கம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த நோய் வேறு விதங்களில் தலைகாட்டும். மல்லிகையோ காப்பியோ மணக்கவில்லை என்பார்கள். தூக்கத்தில் கத்துவார்கள், கை கால் வீசுவார்கள். மலச்சிக்கல் நாள்பட்டு இருக்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணங்கள் பல உண்டு, பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதச் சொல்லி, எழுத்து போகப்போகச் சிறுக்கிறதா என்று பாருங்கள். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் தருகிற சில மாத்திரைகள் அச்சு அசலாக இதே அறிகுறிகளைக் கொண்டுவரும். அப்படி இருந்தால் டாக்டர் அதை நிறுத்தியதும் பலருக்குச் சில மாதங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அன்புடன்,
கூடுவாஞ்சேரியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை